ஏழாம் எண் மழைமானி

செப்டம்பர் 4

முகாமுக்கு வந்து மூன்றாவது நாள். இன்றுதான் எழுத ஒரு மேசை கிடைத்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மாணவர்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய விடுதி. கீழே ஆய்வுக்கூடம், மாடியில் அறைகள். குழாயில் காலை ஆறு முதல் ஏழு வரைதான் தண்ணீர்.

வேலை என்னவென்று ஒருமுறை எழுதிவைக்கிறேன். மதியத்துக்கு மேல் மலையோரம் மேகம் திரண்டால் மதுரையிலிருந்து சிறிய விமானம் வரும். இறக்கைகளில் உப்புக் குழல்கள். மேகத்தின் அடிப்பக்கம் அவற்றைக் கொளுத்தினால் நுண்ணிய உப்புத் துகள்கள் மேலேறும். அவற்றைச் சுற்றி ஈரம் சேர்ந்து துளி பருக்கும். மழை கூடுதலாக விழும் என்பது எதிர்பார்ப்பு. உண்மையிலேயே விழுகிறதா, தானாகப் பெய்யும் மழைக்கு நாங்கள் பெயர் வாங்குகிறோமா என்பதுதான் ஆய்வு. அதனால் பாதி நாட்கள் விமானம் பறக்கும், குழல் எரியாது. எந்த நாள் எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கிறது. அதை நான் மட்டும் பிரிப்பேன், விமானிக்கு மட்டும் சொல்வேன். ஊருக்கொரு மழைமானி வைத்து அளக்கும் பன்னிரண்டு ஊர்க்காரர்களுக்கோ, உடன் இருக்கும் வீரபாகுவுக்கோ, சென்னையில் இருந்து திட்டத்தை நடத்தும் பேராசிரியர் சிவசைலத்துக்கோ தெரியக் கூடாது. தெரிந்தால், அளக்கிற கை தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாயும்.

கவர்கள் இரும்பு அலமாரியில். சாவி இரண்டு. ஒன்று என் கைப்பையில், மற்றது அலுவலக ஆணியில்.

செப்டம்பர் 9

முதல் கவர். ‘எரி’ என்று இருந்தது. மூன்று மணிக்கு விமானம் வந்தது. பன்னிரண்டு பேருக்கும் நானே போன் செய்து, நாளை காலை எட்டரைக்குச் சரியாக அளக்கும்படி சொன்னேன். இப்படிப்பட்ட நாளில் ஒரு அளவு தவறினாலும் நஷ்டம்.

செப்டம்பர் 12

‘எரிக்காதே.’ விமானம் வெறுமனே வட்டமடித்துவிட்டுப் போனது. சுமாரான மழை. டிரைவர் கருத்தப்பாண்டி காலையிலேயே போய் இதுவரை சேர்ந்த அளவுச் சீட்டுகளையும் மழைநீர்ப் புட்டிகளையும் வாங்கி வந்தார். காற்றை இழுத்துத் தூசியைத் தாளில் பிடிக்கும் காற்றுறிஞ்சியின் பெட்டிக்குள் எறும்பு. வீரபாகு தூரிகை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். பொறுமையான ஆள். வயது முப்பத்தொன்று. இந்த மலையின் மேகங்களைப் பற்றித்தான் முனைவர் பட்டம். உப்பு தூவினால் இங்கே பதினைந்து சதவீதம் மழை கூடும் என்று அவருடைய கணக்கு சொல்கிறது.

செப்டம்பர் 18

மூன்று ‘எரி’ நாட்கள், நான்கு ‘எரிக்காதே’ நாட்கள் முடிந்தன. ஏழாம் எண் மழைமானியில், ஊசிமேட்டுப்பட்டி, ‘எரி’ நாட்களில் சுற்றியுள்ள ஊர்களைவிட ஐந்து ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். மற்ற நாட்களில் எல்லா ஊரையும் போலத்தான்.

சந்தோஷமாக இருந்தது. அந்த ஊர் சரியாக விமானப் பாதைக்குக் கீழே இருக்கிறது. சாப்பாட்டின்போது எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 20

மழைநீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று பார்க்கும் சிறிய கருவி பழுது நீங்கி வந்துவிட்டது. புட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து. ஏழாம் எண்ணின் மூன்று ‘எரி’ நாள் புட்டிகள் மட்டும் அறுநூறைத் தாண்டின.

உப்பு! மேகத்தில் தூவியதே கீழே வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் துள்ளினேன். பிறகு கணக்குப் போட்டேன். விமானம் கொளுத்துவது மொத்தம் பதினைந்து கிலோ. அது விழும் மழையில் பரவினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. இதில் இருப்பதோ, கருவி காட்டிய அறுநூறை எடைக்கு மாற்றினால், நானூறு மில்லிகிராம்.

இது மேகத்திலிருந்து வந்த உப்பு அல்ல. வேறு தண்ணீர் கலந்திருக்கிறது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

புட்டிகளில் பாதியைச் சென்னை ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21

எட்டு வருடங்களுக்கு முன் காற்றுத் தூசி பற்றிய என் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உடன் வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவர் வடிகட்டித் தாள்களை எடை போடாமலே எண்களை எழுதியிருந்தார். நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வெளிநாடு போய்விட்டார். ‘கட்டுரையைத் திரும்பப் பெற்ற உமையாள்’ என்ற பேச்சு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதை நினைத்து இப்போது எழுதவில்லை. சும்மா ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 24

ஆய்வக முடிவு வந்தது. மூன்று புட்டிகளிலும் ஃபுளோரைடு. மழையில் அது இருக்காது, எங்கள் குழல்களிலும் இல்லை. இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நிறைய உண்டு. சந்தேகமே இல்லை.

ஆனால் யார்? ஏழாம் எண்ணை அளப்பவர் சீனியம்மாள், அங்கன்வாடியில் உதவியாளர். வேண்டுமானால் அவர் ஊற்றலாம். எந்த நாள் ‘எரி’ என்று அவருக்கு எப்படித் தெரியும்? கவரைப் பார்த்தவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆணியில் தொங்கும் சாவியை எடுக்கக்கூடிய ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். மழை கூடினால் யாருடைய கணக்கு ஜெயிக்கும் என்றும் யோசித்தேன்.

அடுத்த வருடத் திட்ட வரைவில் பேராசிரியர் வீரபாகுவின் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

ஆணியில் இருந்த சாவியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 27

‘எரி.’ ஊர்க்காரர்களுக்குப் போன் செய்து முடித்த பிறகு விமானியிடமிருந்து தகவல்: இயந்திரக் கோளாறு, விமானம் கிளம்பவே இல்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு மழை தானாகவே கொட்டியது.

செப்டம்பர் 28

ஏழாம் எண்ணில் இன்றும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். புட்டி அறுநூற்றைம்பது.

நேற்று ஒரு குழலும் எரியவில்லை. ஆனாலும் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் ஊற்றியவருக்கு விமானம் வராதது முக்கியமில்லை, கவரில் ‘எரி’ என்று இருந்ததுதான் தெரியும். கவரைப் பார்த்தவன் செய்த வேலை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாவியை எடுத்து வைப்பதற்கு முன்பே எல்லாக் கவர்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பான்.

அக்டோபர் 1

ஜீப்பின் பயணப் பதிவேட்டைப் புரட்டினேன். வீரபாகு இரண்டு வாரத்தில் மூன்று முறை ஊசிமேட்டுப்பட்டிக்குப் போயிருக்கிறான். அங்கே எங்கள் கருவி எதுவும் கிடையாது, மழைமானியைத் தவிர.

“எதுக்குப் போனார் பாண்டிண்ணே?” என்று கேட்டேன்.

“தெரியலயே மேடம். அங்கன்வாடி கிட்ட எறங்கிக்கிருவாரு. பைப்புல தண்ணி புடிச்சுப் பாப்பாரு. ஏதோ டெஸ்டாம்.”

குழாயில் தண்ணீர் பிடித்தானாம். மாலையில் பார்த்தால் உப்பு பார்க்கும் கருவியும் இடம் மாறி இருந்தது.

மதியம் அவன் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், “அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டான். யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

அக்டோபர் 3

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீரபாகு குளிக்கப் போன நேரம் அவனுடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். மேசைமேல்தான் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் ‘உ’ என்று தலைப்பு. கீழே தேதிகள்: 9, 14, 17, 27. நான்குமே ‘எரி’ நாட்கள். ஒன்றுகூட விடவில்லை, ஒன்றுகூட மிகையில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏழாம் எண்ணின் அளவு.

‘உ’ என்றால் உப்புதான். வேறு என்ன இருக்க முடியும்?

மூடி வைத்துவிட்டு வந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. அவன் வந்து, “மேடம், இன்னைக்கு ரசம் நல்லாருக்கு, ஊத்திக்கிடுங்க” என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 8

‘எரி.’ வழக்கம்போலப் பன்னிரண்டு போன்கள். நல்ல மழை.

அக்டோபர் 9

ஏழாம் எண்ணில் கூடுதல் எதுவும் இல்லை! புட்டி இருபத்திரண்டு. சுத்தமான மழைநீர்.

நான் கண்காணிப்பது தெரிந்துவிட்டது போல. நோட்டு நகர்ந்திருந்ததைக் கவனித்திருப்பான்.

அக்டோபர் 10

ஜீப்பில் ராஜபாளையம் போய் வந்தோம், வடிகட்டித் தாள் பார்சல் எடுக்க. திரும்பும் வழியில் வீரபாகு திடீரென்று, “மேடம், உங்ககிட்ட ஒண்ணு பேசணும். ஏழாம் நம்பர் கேஜ் விஷயமா” என்றான்.

“என்ன விஷயம்?”

“இங்க வேண்டாம். தனியா உக்காந்து பேசினா நல்லாருக்கும். கொஞ்சம் சங்கடமான விஷயம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு ஒரு கதை சொல்லப் பார்க்கிறான். எட்டு வருடத்துக்கு முன் அந்த மாணவரும் இப்படித்தான் ஆரம்பித்தார்: “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க.”

“இப்ப எனக்கு நேரம் இல்ல வீரபாகு. எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க” என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அக்டோபர் 11

பேராசிரியருக்கு மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினேன். மூன்று பக்கம். பதிவேட்டின் நகல், புட்டிகளின் முடிவு, நோட்டில் பார்த்த தேதிகள். நோட்டை எப்படிப் பார்த்தேன் என்று எழுதவில்லை. அவர் ஒரு மணி நேரத்தில் போன் செய்து, “சரியான நேரத்துல சொன்னீங்க உமையாள். நான் பாத்துக்கிறேன்” என்றார். எட்டு வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

அக்டோபர் 14

வீரபாகுவைச் சென்னைக்குத் திரும்ப வரச் சொல்லி உத்தரவு. விசாரணை முடியும்வரை எந்த வேலையும் கிடையாதாம், ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு கீழே வந்தான். காற்றுறிஞ்சியில் தாள் மாற்ற வேண்டிய நேரங்களை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான்.

“கிளம்புறேன் மேடம்” என்றான்.

“ம்” என்றேன்.

இரவு சென்னை போய்ச் சேர்ந்ததும் இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. விசாரணையில் இருப்பவனிடம் பேசுவது முறையில்லை.

அக்டோபர் 18

‘எரி.’ பேராசிரியர் அலுவலகத்தில் வேறொருவர் ஒட்டி அனுப்பிய புதிய கவர்கள், வீரபாகுவின் கை படாதவை. போன்கள் செய்தேன். இனி எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவனுடைய வேலையும் சேர்ந்துகொண்டதால் முதுகு வலி.

அக்டோபர் 19

ஏழாம் எண்ணில் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல்.

புட்டி அறுநூற்றுப் பத்து. மூன்று முறை அளந்தேன்.

அக்டோபர் 20

எப்படி? அவன் சென்னையில் இருக்கிறான். இந்தக் கவரை அவன் பார்த்ததே இல்லை. பேராசிரியர் அலுவலகத்தில் அவனுக்கு ஆள் இருக்கிறதா? விமானியா? விமானியின் போன் எண் அவனிடம் உண்டு. கருத்தப்பாண்டியா? நான் போன் பேசும்போது அவர் வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். இன்று முழுவதும் அவரிடம் சரியாகப் பேசவில்லை. காரணம் தெரியாமல் ஜீப்பை இரண்டு முறை கழுவினார்.

அக்டோபர் 23

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், பஸ்ஸில் ஊசிமேட்டுப்பட்டி போனேன். அங்கன்வாடிக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் மழைமானி. சீனியம்மாள் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

“வாங்க மேடம். வர்றேன்னு சொல்லிருந்தா காப்பி வாங்கி வச்சிருப்பேன்ல.”

“ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் சீனியம்மா. வீரபாகு சார் உங்களுக்குப் போன் பண்ணுவாரா?”

“அந்தத் தம்பியா? இல்லையே.”

“சென்னைக்குப் போன பிறகு? போன சனி, ஞாயிறு?”

“போன் பண்றது நீங்கதான மேடம்?”

“நான் எல்லாருக்கும்தான் பண்றேன். அளக்க ஞாபகப்படுத்துறதுக்கு.”

“ஆமா. மருந்து போடுற அன்னைக்கு.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த உருண்டையைப் பிடித்து ஒரு குழந்தையின் கையில் வைத்தார். எனக்கு உடனே புரியவில்லை. புரிய வேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ.

“அன்னைக்குத்தான் மருந்து போடுறோம்னு யார் சொன்னா உங்களுக்கு?”

“யாரு சொல்லணும்? பிளேன் எப்பவும்தான் வருது. நீங்க சில நாளுதான் கூப்பிடுறீக. கூப்பிட்டா, ‘நாளைக்குக் கவனமா அளங்க, ஒரு சொட்டு விட்ராதீங்க’ன்னு அம்புட்டு அக்கறையாச் சொல்லுவீக. மத்த நாளு ஏன் கூப்பிடல? அப்ப இன்னைக்குத்தான் விசேசம்னு தெரிஞ்சு போகுதுல்ல.”

நான் பிள்ளைகளின் சிறிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து ‘எரி’ நாட்கள், ஆறாவது அக்டோபர் 18. ஆறிலும் அவர்களைக் கூப்பிட்டவள் நான். விமானம் வராத அன்றும் கூப்பிட்டது நான்தான். ‘எரிக்காதே’ நாட்களில் ஒரு நாள்கூட யாரையும் கூப்பிடவில்லை. எழுதிய பக்கங்களை இப்போது திருப்பிப் பார்க்கிறேன். நானே ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருக்கிறேன்.

“தண்ணி ஊத்தினது நீங்களா?” என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“அரை டம்ளரு மேடம். ஒரு நாளும் அதுக்கு மேல ஊத்தல.”

எங்கள் மழைமானிக்கு அரை டம்ளர் என்றால் சரியாக ஐந்து மில்லிமீட்டர்.

“ஏம்மா?”

“மே மாசம் ஊருல கூட்டம் போட்டு ஒரு ஆபீசரு சொன்னாரு. எங்க மழை கூடப் பெஞ்சதுன்னு கணக்குல வருதோ அங்கதான் அடுத்த வருசமும் பிளேன் வருமாம். மத்த ஊரை விட்ருவாகளாம். கம்மா காஞ்சு மூணு வருசமாச்சு. போர்த் தண்ணியத்தான் குடிக்கிறோம். இங்கிட்டு வா தாயி, மேடத்துக்குப் பல்லைக் காட்டு.”

நான்கு வயதுப் பெண் குழந்தை வாயைத் திறந்தது. முளைத்து முழுசாக நான்கு வருடம் ஆகாத பற்களில் பழுப்புக் கோடுகள். ஆய்வகத் தாளில் லிட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் ஃபுளோரைடு என்று படித்து, ‘சாட்சி கிடைத்தது’ என்று மகிழ்ந்தவள் நான்.

சீனியம்மாள் தொடர்ந்தார். “அந்தத் தம்பி போன மாசமே கண்டுபிடிச்சுட்டாரு. முதல்ல வந்து பைப்புத் தண்ணியப் புடிச்சுட்டுப் போனாரு. பொறவு வந்து, ‘மேடம் கூப்பிடுற அன்னைக்கு மட்டும் ஏன் அளவு கூடுது?’ன்னு கேட்டாரு. சொல்லிட்டேன். திட்டல. ‘இனிமே ஊத்தாதீக, மேடத்துக்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன், உங்களுக்கு ஒண்ணும் வராது’ன்னாரு. ஒரு தடவை ஊத்தாமத்தான் இருந்தேன். பொறவு தம்பியவே காணோம். யாரும் ஒண்ணும் கேக்கல. சரி, பரவால்ல போலன்னு திரும்பவும் ஊத்திட்டேன். அவரு எங்க மேடம்? ஒடம்புக்குச் சரியில்லையா?”

“ஊருக்குப் போயிருக்கார்” என்று மட்டும் சொன்னேன்.

‘உ’ என்றால் உப்பு அல்ல. உமையாள்.

அக்டோபர் 24

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதியிலேயே, “தெரியும்” என்றார்.

“எப்படி சார்?”

“பதினாறாம் தேதியே அவன் விளக்கம் எழுதிக் குடுத்துட்டான். உங்க போன் கால் விஷயம், அந்த அம்மா விஷயம், எல்லாம்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்னு யோசிங்க உமையாள். அந்த அம்மாவுக்கு மட்டுமா தெரிஞ்சிருக்கும்? பன்னிரண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குன்னுதான் கமிட்டி கேக்கும். இந்த வருஷ வேலை மொத்தமும் குப்பை. உங்களுக்கும் இது ரெண்டாவது தடவை. ஏழாம் நம்பரை மட்டும் கணக்குலேருந்து எடுத்துடுங்க. கருவி பழுதுன்னு ஒரு வரி போதும்.”

“வீரபாகு?”

“அவன் சின்ன வயசு. வேற எங்கேயாவது பிழைச்சுக்குவான்.”

இத்தனை நாள் சாவியைச் சந்தேகப்பட்டேன், டிரைவரைச் சந்தேகப்பட்டேன், ரசம் ஊற்றிக்கொள்ளச் சொன்னதைக்கூடச் சந்தேகப்பட்டேன். இவர்மேல் ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அன்பாகப் பேசினார், அவ்வளவுதான்.

அக்டோபர் 25

வடிகட்டித் தாள்களை எடை போட்டேன். நாற்பத்து மூன்று.

அக்டோபர் 26

‘எரிக்காதே.’ பன்னிரண்டு பேருக்கும் போன் செய்தேன். இனி எல்லா நாளும் செய்வேன். பயனில்லாத ஒழுங்கு.

கருத்தப்பாண்டியிடம், “அன்னைக்கு உங்ககிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன், மன்னிச்சிருங்க அண்ணே” என்றேன். “அப்படியா மேடம், நான் கவனிக்கலையே” என்றார். கவனித்திருக்கிறார்.

அக்டோபர் 28

கடிதத்தை ஆரம்பித்தேன். ‘தவிர்க்க முடியாத சூழலில்’ என்று முதல் வரி வந்தது. கிழித்தேன். ‘திட்டக் குழுவினரிடையே ஏற்பட்ட தகவல் இடைவெளியால்’ என்று அடுத்தது. அதையும் கிழித்தேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அக்காவுக்குப் போன் செய்து காரைக்குடியில் மழையா என்று கேட்டேன். அவள், “உன் குரல் ஏன் இப்படி இருக்கு?” என்றாள். தொண்டைக் கட்டு என்றேன்.

அக்டோபர் 30

அனுப்பிவிட்டேன். பேராசிரியருக்கு அல்ல, ஆய்வை மதிப்பிடும் வெளிக்குழுவுக்கு. ஒரு பக்கம்தான். எந்த நாள் எது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது என் போன் அழைப்புகளால். வீரபாகு தவறு எதுவும் செய்யவில்லை, தவறைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அவருடைய நோட்டை அனுமதியில்லாமல் திறந்து பார்த்தேன். அக்டோபர் 16 அன்று அவர் கொடுத்த விளக்கத்தையும் குழு கேட்டு வாங்க வேண்டும்.

சீனியம்மாளின் பெயரை எழுதவில்லை. ‘ஒரு அளவையாளர்’ என்றேன். ஏழாம் எண் யாருடையது என்று அவர்கள் பார்த்துக்கொள்ள முடியும். ஆனாலும் என் கையால் எழுத வேண்டாம் என்று இருந்தது.

அனுப்பிய பிறகு வீரபாகுவைக் கூப்பிட்டேன். இந்த முறை அவர் எடுக்கவில்லை.

நவம்பர் 5

பேராசிரியரிடமிருந்து ஒரே வரி: ‘நீங்கள் எனக்கு இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை.’ முகாமை மூடச் சொல்லிவிட்டார்கள், கருவிகளை மூட்டை கட்டும் வேலை. மதியம் முழுவதும் பெட்டிகளுக்கு எண் ஒட்டினேன்.

நவம்பர் 11

ஊசிமேட்டுப்பட்டிக்குப் போய் மழைமானியை எடுத்து வந்தோம். சீனியம்மாளிடம் விஷயத்தை முழுக்கச் சொன்னேன். வீரபாகுவின் வேலை போனதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

“அரை டம்ளர் தண்ணிக்கா மேடம்?”

“தண்ணிக்கு இல்லம்மா. என்னால.”

அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தன் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார். தேவையில்லை என்றேன். மாவட்டத்தில் குடிநீர் சுத்திகரிப்பைப் பார்க்கும் பொறியாளருக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலையும் ஃபுளோரைடு அளவுகளையும் அவரிடம் கொடுத்தேன். “இதுக்கு யாரும் தண்ணி ஊத்த வேண்டாம், இருக்கிற அளவே போதும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நவம்பர் 18, சென்னை

குழுவின் முன் நாற்பது நிமிடம். மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற வானிலை அறிஞர், வயதான பெண்மணி, வெள்ளை முடி, மெல்லிய குரல். தேதிகளை எல்லாம் சரிபார்த்தார்கள். கடைசியில் அவர் கேட்டார்:

“புகார் எழுதறதுக்கு முன்னாடி, வீரபாகுகிட்ட நேரடியா ஒரு தடவை கேட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“அவர் பேச வந்தாரா?”

“வந்தார். நான் பேச விடல.”

அவர் அதை எழுதிக்கொண்டார். வேறு கேள்வி இல்லை.

முடிவை அங்கேயே சொன்னார்கள். இந்தப் பருவத்தின் மழை அளவுகள் எதையும் பயன்படுத்த முடியாது. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து, வேறு தலைமையில். எந்தப் பள்ளத்தாக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஊசிமேட்டுப்பட்டிக்கு விமானம் வரலாம், வராமலும் போகலாம். அந்த விளக்கத்தை மறைத்தது பற்றிப் பேராசிரியரைத் தனியாக விசாரிப்பார்கள். நான் இரண்டு வருடம் எந்தத் திட்டத்துக்கும் பொறுப்பேற்கக் கூடாது. காற்றுத் துகள் அளவுகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வந்தால் நடைவழி பெஞ்சில் வீரபாகு. அடுத்து அவர் முறை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பழக்கத்தில்.

“உக்காருங்க வீரபாகு. நான் உங்களுக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். மன்னிப்புக் கேக்கறதுக்குப் போன்லயும் கூப்பிட்டேன்.”

“தெரியும் மேடம். எடுக்கலாமா வேண்டாமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கட்டாயிடுச்சு.” உட்கார்ந்ததும் சொன்னார்: “நானும் முதல்ல உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்களே ஆள் வச்சு ஊத்தச் சொல்றீங்களோன்னு. நாலு நாள் தூக்கம் இல்ல. அப்புறம் நேர்ல போய்க் கேட்டுருவோம்னு அந்த அம்மாகிட்ட போனேன்.”

உள்ளே கூப்பிட்டார்கள். போனார். நான் கிளம்பியிருக்கலாம், வேலை ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்.

“ஒப்பந்தத்தை நீட்டிச்சிட்டாங்க” என்றார். “அடுத்த வருஷமும் இருக்கேன்.”

“ரொம்ப சந்தோஷம். துகள் அளவுகளுக்கு ஆள் வேணும். உங்களுக்கு விருப்பம்னா என்கூட...”

அவர் தலையை அசைத்தார். “வேண்டாம் மேடம். கோபத்துல சொல்லல. உங்ககூட வேலை பாத்தா, ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது நீங்க என்ன நினைப்பீங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். அப்படி வேலை பாக்க முடியாது.”

“சரி” என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வழக்கமாக இப்படி ஒருவர் சொன்னால், இதற்குப் பின்னால் வேறு என்ன காரணம் இருக்கும் என்று மனம் துருவ ஆரம்பிக்கும். இன்று துருவவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.